சேர்வர் அறைக்குக் கேபிள் ட்ரேயும் டேட்டா வயரிங்கும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை நெட்வேர்க், சிசிடிவி வயரிங் வேலைக்குப் போனால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்காளராக இருப்பார், அரிசி ஆலை முதலாளியாக இருப்பார், கம்பஸ் முடித்து முதல் வேலைக்கு வந்த பிள்ளையாக இருப்பார். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் தனித்தனியாகச் சொல்வதை விட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். லேசானவை முன்னுக்கு, சிக்கலானவை பின்னுக்கு.

1. “டேட்டா சென்டர் எல்லாம் கொழும்பில தானே சேர்? எங்கட கந்தோரில ஒரு றாக்கும் ரெண்டு சேர்வரும்தான். இதுக்கும் ட்ரே வேணுமா?”

எத்தனை றாக் (சேர்வர் முதலியவற்றைப் பூட்டும் இரும்புச் சட்டம்) என்று பார்க்காதீர்கள், எத்தனை கேபிள் என்று பாருங்கள். நாற்பது மேசை, பதினாறு கமரா, நாலைந்து வைபை, சில தொலைபேசி என்று கூட்டினால் ஒரே றாக்குக்குள் எழுபது எண்பது கேபிள் வந்து இறங்கும். அத்தனையையும் சீலிங் பலகைக்கு மேலே சும்மா போட்டால், ஒரு நாள் ஏசி திருத்த வந்தவர் அதன் மேல் முழங்கால் வைப்பார். ட்ரே, அதாவது கேபிள்களைத் தாங்கிக்கொண்டு போகும் உலோகத் தட்டு, வேணும்.

இருபது கேபிளுக்குள் முடிகிற சின்ன இடமென்றால் சுவரோடு நல்ல அகலமான பீவிசி கேசிங் போதும். அதற்கு மேலே போனால் ட்ரேக்குச் செலவழியுங்கள்.

2. “லோ வோல்டேஜ் என்று எழுதியிருந்துது. கரண்ட் பாஸ் 230 வோல்ட் வயரையும் அதே ட்ரேயில போட்டுட்டார். ஆர்ட பிழை?”

வரைபடம் கீறியவரின் பிழை. அமெரிக்கப் பழக்கத்தில் டேட்டா, கமரா வயரை அப்படிச் சொல்வார்கள். நாங்கள் பின்பற்றும் பிரித்தானிய, ஐ.ஈ.சி. முறையில் 50 வோல்ட் ஏசிக்கு மேல் 1000 வோல்ட் வரை எல்லாமே லோ வோல்டேஜ்தான். வீட்டுக் கரண்டும் அதற்குள் அடக்கம். அதற்கும் கீழான மிகக் குறைந்த வோல்டேஜ்தான் ஈ.எல்.வி. எனவே படத்தில் “ஈ.எல்.வி. ட்ரே, டேட்டா மட்டும்” என்று எழுதுங்கள். ட்ரேயிலும் அப்படியே ஒட்டுங்கள். இரண்டும் பக்கத்தில் ஓடலாமா என்பது 10ஆம் கேள்வியில் வருகிறது.

3. “எதில இருந்து தொடங்கிறது? முதல்ல சுவிட்ச் வாங்கவா, றாக் வாங்கவா?”

இரண்டும் இல்லை. முதலில் அளவு நாடாவும் கடதாசியும். நெட்வேர்க் சுவிட்சை (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ஐந்து வருடத்தில் மாற்றுவீர்கள், சேர்வரையும் அப்படித்தான். சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் போன பாதையைக் கட்டிடம் இருக்கும் வரை யாரும் மாற்ற மாட்டார்கள். அதனால் பாதைதான் முதலில் முடிவாக வேண்டும்: கேபிள் எந்தச் சுவரால் அறைக்குள் நுழைகிறது, பீம் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஏசி எங்கே மாட்டப்போகிறார்கள்.

ஏசியை அழுத்திச் சொல்கிறேன். உள் யூனிட்டுக்கு நேர் கீழே ட்ரேயோ றாக்கோ வரவே கூடாது. வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் முன்னால்தான் வடியும், நம் ஊர் ஈரப்பதத்தில் அது ஒரு நாள் அடைக்கத்தான் செய்யும்.

உயரக் கணக்கும் இப்போதே. 42 யூ (யூ என்பது றாக் உயரத்தின் அலகு) றாக் ஏறக்குறைய 2 மீற்றர். அதற்கு மேல் கேபிள் வளைந்து இறங்க 200 மி.மீ., ட்ரேக்கு 100 மி.மீ., ட்ரேக்கு மேல் கை போட்டு வேலை செய்ய 300 மி.மீ. கூட்டினால் 2.6 மீற்றர். டேட்டா சென்டர்களுக்கான டி.ஐ.ஏ. 942 தரமும் தரையிலிருந்து மேல் தடை வரை குறைந்தது அதே 2.6 மீற்றரைத்தான் கேட்கிறது. உங்கள் அறை அதை விடத் தாழ்வென்றால் சின்ன றாக் வாங்குங்கள், ட்ரேயை நசுக்காதீர்கள். றாக்குக்கு முன்னால் ஆள் குனிந்து சேர்வரை இழுக்க 1.2 மீற்றர், பின்னால் 0.9 மீற்றர் விடுங்கள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொல்பவர் பிறகு அந்தப் பக்கம் வேலை செய்ய வரப்போகிறவர் அல்ல.

4. “கொழும்பில ஒரு பேங்கில பார்த்தன், தரைக்குக் கீழால எல்லாம் போகுது, வடிவா இருந்துது. அப்பிடிச் செய்வமா?”

வடிவுதான். ஆனால் நம் தரை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2011 ஜனவரியில் வாவியும் குளங்களும் நிரம்பி மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருந்தது. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் கார்த்திகை மார்கழியில் வாசல் படி வரை தண்ணீர் நிற்கிற கந்தோர்கள் எத்தனையோ. உயர்த்திய தரைக்குக் கீழே தண்ணீர் நின்றால் மேலே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

மேலால் ட்ரே போடுங்கள். இயலுமென்றால் அறையையே மேல்மாடிக்குக் கொண்டு போங்கள். கீழ்மாடிதான் என்றால் றாக்கைக் கொங்கிரீட் மேடையில் ஏற்றி, யூபிஎஸ்ஸையும் பற்றரியையும் அதே உயரத்துக்கு எடுங்கள். றாக்கை உயர்த்தினால் 3ஆம் கேள்வியின் கூட்டுத்தொகையும் அவ்வளவு உயரும், மறக்க வேண்டாம். பற்றரி வங்கி பாரமானது. மேல்மாடியில் வைப்பதற்கு முன் தளம் தாங்குமா என்று பொறியியலாளரிடம் கேளுங்கள்.

5. “கடையில மூண்டு விதமாக் காட்டுறான். ஏணி மாதிரி, கம்பி வலை மாதிரி, ஓட்டை போட்ட தகடு. எது நல்லம்?”

அறைக்குள் றாக்குக்கு மேலே கம்பி வலை ட்ரே. எந்த இடத்திலும் கேபிளை இறக்கலாம், தூசி தேங்காது, கட்டரால் வெட்டி அங்கேயே வளைவு செய்யலாம். ஏணி பாரமான மின் கேபிளுக்கு. அதில் மெல்லிய டேட்டா கேபிள் படிக்குப் படி தொங்கி, படியில் பட்ட இடத்தில் நசுங்கும். துளைத் தகடு நடைபாதை, களஞ்சியம் போன்ற இடங்களுக்கு நல்லது, மூடியும் போடலாம். ஃபைபர் (கண்ணாடி இழை) பட்ச் கோர்டை, அதாவது கருவிகளை இணைக்கும் குட்டைக் கேபிளை, மட்டும் இவை ஒன்றிலும் செம்புக் கேபிளோடு சேர்க்காமல் தனிப் பிளாஸ்டிக் வழியில் விடுங்கள்.

6. “எத்தனை இஞ்சி ட்ரே வாங்கிறது? கடைக்காரர் சொல்றதையே எடுக்கவா?”

கணக்கு மூன்று வரிதான். கட் 6 (டேட்டா கேபிளின் ஆறாம் வகை) கேபிளின் விட்டம் ஏறக்குறைய 6 மி.மீ. என்றால் குறுக்கு வெட்டுப் பரப்பு 28 சதுர மி.மீ. 200 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழமுள்ள ட்ரேயின் பரப்பு 10,000 சதுர மி.மீ. அதில் கேபிளால் நிரப்பக்கூடியது 40 வீதம் என்று வைத்தால் 4,000. 28ஆல் பிரித்தால் சுமார் 140 கேபிள்.

ஆனால் முதல் நாளே 140 போட்டால் நாளைக்கு இடமில்லை. திறக்கும் நாளில் 25 வீதம், அதாவது தொண்ணூறுக்குள் நிறுத்துங்கள். “40 வீதம்தானே, மற்றது வெறுமைதானே” என்று கேட்பார்கள். உருண்டையான கேபிள்கள் நடுவில் காற்றை விட்டுத்தான் படுக்கும்; கணக்கில் 50 வீதம் வந்தாலே கண்ணுக்கு ட்ரே நிரம்பியிருக்கும். ஆழத்தைக் கூட்டி ஈடுசெய்ய நினைக்காதீர்கள். 150 மி.மீ. மேல் குவிந்தால் அடியில் கிடப்பவை நசுங்கும். அகலத்தைக் கூட்டுங்கள். கட் 6ஏ என்றால் விட்டம் 7.5 மி.மீ. வரை போகும், அதே ட்ரேயில் 40 வீதத்துக்கு 90தான் அடங்கும்.

7. “ஜிஐ ட்ரே துருப்பிடிக்காது என்றுதானே வாங்கினன். ஒரு மாரி போகல்ல, மண்ணிறமா வடியுது.”

கல்லடி, காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது என்று கடலோடு ஒட்டிய இடங்களில் இது வழமை. ஜிஐ, அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு, என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள். ஒன்று, ஏற்கெனவே நாகம் பூசிய தகட்டை வெட்டி, துளைத்து, மடித்துச் செய்வது. வெட்டிய விளிம்பெல்லாம் வெறும் இரும்பு. மற்றது, ட்ரேயைச் செய்து முடித்த பிறகு உருகிய நாகத்தில் முக்கி எடுப்பது. அதில் துளையின் உள்விளிம்பும் மூடப்பட்டிருக்கும், மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். பளபளவென்று கண்ணாடி போல மினுங்குவதைத் தூக்கிப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஏசி போட்ட, மூடிய அறைக்குள் முதல் வகை போதும். வெளிச் சுவர், திறந்த நடைபாதை, கூரைக்குக் கீழே காற்று வரும் இடம் எல்லாவற்றுக்கும் முக்கியெடுத்ததுதான். எதுவானாலும், கிரைண்டரால் வெட்டிய முனையைத் தொட்டுப் பாருங்கள். பிசிர் அரத்தால் தேய்க்கப்பட்டு, நாகம் கலந்த பெயின்ட் பூசப்பட்டிருக்க வேண்டும். துரு தொடங்குவதே அங்கேதான். போல்ட், நட், தொங்கும் திரெட் ரொட் ஆகியவையும் அதே தரத்தில் இருக்கட்டும். நல்ல ட்ரேயை மலிவான போல்ட்டில் தொங்கவிட்டுப் பயனில்லை.

8. “எங்களுக்கு மேல கொங்கிரீட் இல்ல, அஸ்பெஸ்டஸ் சீட். ட்ரேயை எதில தொங்கவிடுறது?”

சீட்டிலும் வேண்டாம், அதைத் தாங்கும் மரச் சலாகையிலும் வேண்டாம், சீலிங் சட்டத்திலும் வேண்டாம். சுவரில் பிராக்கெட் அடித்து அதில் வையுங்கள், அல்லது றாக்கின் தலையிலேயே தாங்கி பொருத்தி அதன் மேல் ஓட்டுங்கள். பாரம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை: எழுபது கட் 6 கேபிள் மீற்றருக்கு மூன்று கிலோ அளவுதான். தாங்கிகளை 1.5 மீற்றருக்கு ஒன்று வையுங்கள். வளைவுக்கும் பிரிவுக்கும் இரு பக்கமும் கூடுதலாக ஒன்று. அஸ்பெஸ்டஸைத் துளைக்கவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கூடாது.

9. “கட் 6 போதுமா, 6ஏ போடவா? பெட்டி விலை பாதிக்குக் கிடைக்குது ஒரு இடத்தில, எடுக்கட்டா?”

முதல் பாதிக்குப் பதில்: மேசைக் கணினிக்கும் கமராவுக்கும் கட் 6 தாராளம். கட் 6இல் 10 கிகாபிட் ஓடும், ஆனால் 55 மீற்றருக்குள்தான்; கேபிள்கள் நெருக்கமாகக் கட்டுண்டு கிடந்தால் 37 மீற்றராகக் குறையும். சின்ன அறைக்குள் றாக்குக்கு றாக் அந்தத் தூரமே வராது. பெரிய கட்டிடத்தில் வைபை புள்ளிகளுக்கு 6ஏ போடுங்கள், முழு 100 மீற்றரும் 10 கிகாபிட் தாங்கும். எந்த வகையானாலும் சுவருக்குள் நிலையாகக் கிடப்பது 90 மீற்றர், இரு பக்கப் பட்ச் கோர்ட் 10 மீற்றர், மொத்தம் 100. சம்மாந்துறையில் ஆலை வாசல் கமரா 140 மீற்றரில் என்றால் செம்பை இழுத்துப் பார்க்க வேண்டாம், ஃபைபர் போடுங்கள்.

பாதி விலைப் பெட்டியைப் பற்றி: அது பெரும்பாலும் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. பிளேட்டால் கம்பியின் மேலே சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். 305 மீற்றர் பெட்டியைத் தூக்கினாலே பாரம் குறைவாக இருப்பது கைக்குத் தெரியும். அலுமினியத்தின் மின்தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கும் கூட. கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் கமராவுக்கு இதைப் போட்டால் தூரத்துக் கமரா இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது அணைந்து அணைந்து வரும். கமராவைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். வகைத் தரம் எதுவும் இந்தக் கேபிளை ஏற்பதில்லை, பெட்டியில் கட் 6 என்று அச்சடித்திருந்தாலும்.

10. “கரண்ட் வயரும் டேட்டா வயரும் பக்கத்தில ஓடினா என்னதான் நடக்கும்? இவ்வளவு நாளா ஓடுது, ஒண்டும் நடக்கல்லையே.”

இரண்டு விஷயம் நடக்கலாம். ஒன்று குறுக்கீடு: பெரிய மோட்டர், ஏசி கொம்பிரசர் தொடங்கும் நேரம் பக்கத்து டேட்டா வயரில் பிழை கூடும், மெதுவாகிறது என்பது மட்டும் தெரியும், ஏனென்று தெரியாது. மற்றது உயிராபத்து: கரண்ட் வயரின் உறையை எலி கடித்து, அது டேட்டா கேபிளில் பட்டால், 230 வோல்ட் யாரோ ஒருவரின் மேசை வரை போகும். “ஒண்டும் நடக்கல்ல” என்பது இந்த இரண்டாவதற்குப் பதிலாகாது.

பிரித்தானியத் தரம் பி.எஸ். 6701 குறைந்தது 50 மி.மீ. இடைவெளியோ பிரிக்கும் தடுப்போ கேட்கிறது. நான் நீளத்துக்கு ஒன்றாக ஓடும் இடங்களில் 300 மி.மீ. வைத்துத் தனித்தனி ட்ரேயாகத்தான் படம் கீறுவேன். குறுக்கே தாண்ட வேண்டுமென்றால் செங்கோணத்தில் தாண்டுங்கள்.

11. “பிளாஸ்டிக் டையால இறுக்கிக் கட்டினா வடிவாத்தானே இருக்கு? நீங்க ஏன் வெட்டச் சொல்றீங்க?”

டையை வெட்டியதும் கேபிளின் உறையைப் பாருங்கள், இடுப்பு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். உள்ளே முறுக்கிய நான்கு சோடிக் கம்பிகளின் இடைவெளி அங்கே மாறிவிட்டது. முறுக்கும் இடைவெளியும் ஒழுங்காக இருப்பதால்தான் அந்தக் கேபிள் வேலையே செய்கிறது. வெல்க்ரோ பட்டி போடுங்கள், கட்டுக்குள் விரல் நுழைகிற அளவு தளர்வாக. இதே காரணத்துக்காக வளைவின் ஆரை கேபிள் விட்டத்தின் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது, இழுக்கும்போது 110 நியூட்டனுக்கு மேல் விசை வரக் கூடாது, முனையில் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் அவிழ்க்கக் கூடாது.

கேபிள் வழியே மின்சாரம் போகும் கட்டென்றால் ஒரு கட்டில் 24க்கு மேல் வேண்டாம். கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் இந்த முறை, பிஓஈ, இப்போது ஒரு துறைக்கு (போர்ட்டுக்கு) 90 வாட் வரை கொடுக்கும். தடித்த கட்டின் நடுவில் கிடக்கும் கேபிளின் சூடு வெளியே போக வழியில்லை. அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அந்த இடம் ஏற்கெனவே கொதிக்கிறது.

12. “சேர்வருக்குத் தனி ஏர்த் கம்பி அடிச்சா இடி மின்னலுக்கு நல்லம் என்றாங்க. கட்டிட ஏர்த்தோட சேர்க்கவே கூடாதாம்.”

இதைச் சொல்லாத ஊர் இல்லை, ஆனால் இது ஆபத்தானது. மின்னல் பக்கத்தில் விழும்போது நிலத்தில் இரண்டு இடங்களுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். கட்டிடத்துக்கு ஒரு ஏர்த், சேர்வருக்கு வேறு ஏர்த் என்று பிரித்து வைத்தால் அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் சேர்வருக்குள்ளால்தான் சமன்படும். தனிக் கம்பி அடிக்கலாம், அது நல்லதும்கூட, ஆனால் பிரதான ஏர்த்தோடு தடித்த வயரால் இணைத்தே ஆக வேண்டும்.

அறைக்குள் ஒரு செம்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு றாக்கிலிருந்தும் 16 சதுர மி.மீ. பச்சை மஞ்சள் வயர் அதற்கு வரட்டும், ட்ரேயும் அதோடு இணையட்டும். ட்ரே துண்டுகள் சேரும் இடத்தில் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பாருங்கள். பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு இணையுங்கள். வெறும் செம்பு லக்கை (வயர் முனையில் பூட்டும் உலோகக் காது) நாகம் பூசிய ட்ரேயில் நேரடியாக முடுக்கினால் உப்புக் காற்றில் நாகம் அரித்துப் போகும், வெள்ளீயம் பூசிய லக் கேளுங்கள். ட்ரேயையே ஏர்த் வயராகப் பாவிக்க வேண்டாம்.

13. “ரெண்டு கட்டிடம், நடுவில முப்பது மீற்றர்தான். ஒரு லேன் வயரை இழுத்தா முடியாதா? ஒவ்வொரு இடிக்கும் சுவிட்ச் போகுது.”

இதற்கான காரணத்தைத்தான் மேலே சொன்னேன்: இரண்டு கட்டிடத்துக்கு இரண்டு ஏர்த், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரே செம்பு உங்கள் லேன் வயர். சுவிட்ச் போவதில் அதிசயமே இல்லை. பங்குனி சித்திரைப் பின்னேரங்களிலும், வாடைக்கு முந்திய ஐப்பசியிலும் இது உச்சம்.

ஃபைபர் போடுங்கள், உள்ளே உலோகக் கம்பியோ கவசமோ இல்லாத வகையாக. எலிக்குப் பயந்து உலோகக் கவசம் உள்ளதை எடுத்தால் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் அந்தக் கவசத்தை ஏர்த் செய்ய வேண்டிவரும். அதை விட, உலோகமில்லாத ஃபைபரைத் தடித்த எச்டிபிஈ (உறுதியான பிளாஸ்டிக்) குழாய்க்குள் புதைப்பது நிம்மதி. குழாயை இரண்டாகப் போடுங்கள். தோண்டும் கூலிதான் பெரிது, குழாய் அல்ல.

14. “எலி, அணில், பல்லி. இதுக்கு மருந்து இருக்கா?”

கேபிளுக்குப் பூசும் மருந்தைத் தேடுவதை விட ஓட்டையை அடையுங்கள். ட்ரே நுழையும் இடத்தில் சுவர் ஓட்டையைக் கேபிள் அளவுக்குச் சுருக்கி, மிச்சத்தைத் தீத்தடுப்புப் பசையாலோ, அடிக்கடி கேபிள் சேர்ப்பீர்கள் என்றால் தீத்தடுப்புப் பைகளாலோ அடையுங்கள். நெருப்பும் எலியும் ஒரே வழியால்தான் வரும். மஞ்சள் நிறமாகப் பொங்கும் சாதாரண நுரை இரண்டையும் தடுக்காது. எலி அதைக் கடித்துக் குடைந்துவிடும், நெருப்புக்கு அதுவே எரிபொருள்.

அரிசி ஆலையென்றால் தவிட்டுத் தூசி இன்னொரு எதிரி. ஆலைப் பகுதிக்குள் 5ஆம் கேள்வியில் சொன்ன கம்பி வலை வேண்டாம், மூடி போட்ட ட்ரே.

15. “டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியுது. ஆனா நூறுக்கு மேல ஸ்பீட் போகல்ல. ஏன் நாநா?”

இந்தக் கேள்வியோடு காத்தான்குடியிலிருந்து ஒரு பிள்ளை கேபிளையே பையில் கொண்டு வந்தார். அந்தச் சின்ன டெஸ்டர் கம்பி முனைக்கு முனை போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எட்டுக் கம்பியும் எண்படி சரியாக இருந்தும் சோடி கலைந்திருக்கலாம்: ஒரு சோடியின் ஒரு கம்பியும் இன்னொரு சோடியின் ஒரு கம்பியும் சேர்ந்து போகும். அது லைட்டில் தெரியாது. இவருடையதில் கதை வேறு. நீலச் சோடி ஜாக்கில் அரைகுறையாகக் குத்துப்பட்டிருந்தது. ஆட்டினால் வரும், விட்டால் போகும். 100 மெகாபிட்டுக்குச் செம்மஞ்சள், பச்சைச் சோடிகள் இரண்டே போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேணும். நீலமோ மண்ணிறமோ தளர்ந்தால் சுவிட்ச் பேசாமல் நூறுக்கு இறங்கிவிடும். திரும்பக் குத்தினோம், ஆயிரம் வந்தது.

பெரிய வேலையென்றால் ஃபுளூக் போன்ற சான்றிதழ் தரும் கருவியை வாடகைக்காவது எடுத்து, ஒவ்வொரு கேபிளின் நீளம், குறுக்குக் கசிவு, இழப்பு எல்லாம் பதிந்த அறிக்கையை வாங்குங்கள்.

16. “வேலை முடிஞ்சுது, மிச்சக் காசு கேக்கிறாங்க. கொடுக்க முன்ன எதைப் பார்க்கிறது?”

மூன்றைக் கையில் வாங்குங்கள்: மேலே சொன்ன சோதனை அறிக்கை, உண்மையில் ஓடிய பாதையைக் காட்டும் வரைபடம் (முதலில் கீறியது அல்ல), எந்தக் கேபிள் எந்த மேசைக்கு என்ற பட்டியல். பிறகு ஏணி வைத்து ஏறி, ட்ரேயின் வெட்டிய முனை இரண்டு மூன்றையும், ஏர்த் இணைப்பையும், சுவர் ஓட்டை அடைத்திருப்பதையும் கண்ணால் பாருங்கள். கேபிளின் இரு முனையிலும் ஒரே எண் அச்சடித்த லேபல் இருக்க வேண்டும். மாக்கர் பேனையால் எழுதியது ஒரு வருடத்தில் அழியும்.

பட்டியலில் ஏதாவது ஒரு எண்ணை நீங்களே தெரிவு செய்து, அந்தப் பட்ச் பனல் (றாக்கில் கேபிள்கள் வந்து முடியும் பலகை) துறையிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். எந்த மேசையில் இணைப்புப் போகிறது என்று பாருங்கள். நாலைந்து எண்ணில் ஒன்று பிழைத்தாலும் முழுப் பட்டியலையும் சரிபார்த்துத் தரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு காசோலையை எழுதுங்கள்.